‘எல்லாம் சுத்தம்’ என்று சொன்ன பை

வேலையில் சேர்ந்த முதல் வாரமே உங்களை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, “நீ இப்ப ஒரு கட்டில். பேசு” என்று சொல்லியிருப்பார்கள். சிரித்திருப்பீர்கள். “இன்ஜினியரிங் முடிச்சிட்டு வந்தது கட்டிலா பேசறதுக்காம்மா?” என்று ஒரு பையன் என்னிடமே கேட்டான். ஆமாம், அதற்குத்தான். அந்தப் பழக்கம் இந்த ஆபீஸுக்கு எப்படி வந்தது, அது ஒரு மழை நாளில் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்கிறேன். மெதுவாகத்தான் சொல்வேன். அவசரமாகச் சொன்ன எதுவும் இந்த வேலையில் நிற்காது.

நான் கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். முதலில் பிரசவ வார்டு, பிறகு ரத்த வங்கி. ஓய்வு பெறும்போது தலைமை ஆயா. என் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால் படியில் உட்கார்ந்திருக்கிற ஆட்கள் தானாக எழுந்து வழிவிடுவார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதை யாரிடமும் மறைத்ததும் இல்லை.

அந்த ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் செய்ய சிதம்பரத்திலிருந்து ஒருவர் வருவார். நம் கம்பெனியை ஆரம்பித்தவர். நாங்கள் எல்லோரும் அவரை சார் என்றே கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். முதல் நாள் அவர் வார்டு வாசலில் நின்று எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

“சார், நீங்க நிக்கறது ஸ்ட்ரெச்சர் போற வழி” என்றேன்.

“எல்லாரும் எனக்கு ரூல்ஸ் சொல்றாங்க. நீங்கதான் நடக்கறத சொல்றீங்க” என்றார்.

நான் அங்கே ஓய்வு பெற்ற வருஷம் 2004. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று யோசிக்கும் முன்பே அவரிடமிருந்து போன் வந்தது. சிதம்பரத்தில், தெற்கு வீதியை ஒட்டிய சந்தில், பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் அவர் ஆபீஸ். கீழே யாராவது அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்கினால் மேலே போன் பேச முடியாது. அங்கே எட்டு வருஷம் இருந்தேன். என் வேலைக்கு என்ன பெயர் என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எழுதியதைக் கேட்பது, புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்வது. அதற்குத்தான் சம்பளம்.

ஆரம்பத்தில் சுவர் முழுக்கப் படம் ஒட்டியிருந்தார்கள். கட்டம் கட்டமாக, நடுவில் கோடு, கோட்டின் முனையில் நம்பர். நோயாளி ஒரு கட்டம், கட்டில் ஒரு கட்டம், ரத்தப் பை ஒரு கட்டம். கரண்ட் ஆபீஸ்காரர் கிறுக்கிப் போட்டது மாதிரி இருந்தது எனக்கு. இதை வைத்து நான் எதைச் சரி என்பது, எதைத் தப்பு என்பது?

சார் சொன்னார்: யாருக்கும் யாருக்கும் சம்பந்தம் என்று படம் காட்டிவிடும். ஆனால் எப்போது கூடும், எப்போது கூடாது என்பதைக் கோடு போட்டுக் காட்ட முடியாது. அதை எழுத்தில்தான் சொல்ல வேண்டும். அப்படி எழுதுவதற்கென்றே ஒரு மொழி வைத்திருக்கிறார்கள். புள்ளியும் அம்பும் அடைப்புக்குறியுமாக இருக்கும். நீங்கள் அதை கன்ஸ்ட்ரெயின்ட் என்பீர்கள். நான் கடைசிவரை நிபந்தனை என்றே சொன்னேன்.

அந்த மொழியில் ஒரு அழகு உண்டு. ஒவ்வொரு நிபந்தனையும் ஏதோ ஒரு பொருளின் வாயிலிருந்து வரும். பொருள் தன்னை ‘நான்’ என்று சொல்லிக்கொள்ளும். நான் கட்டில், நான் பை, என்னுடைய சோதனை, என்னுடைய நோயாளி. சார் அதைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு நிபந்தனைக்கும் கீழே அதையே தமிழில் எழுத வேண்டும், அந்தப் பொருளாக உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நான் கேட்டுத் தலையாட்டினால்தான் உள்ளே போகும் என்று வைத்தார்.

எழுதுகிறவள் ஜெசிந்தா. மங்கலம்பேட்டைப் பெண், அவர்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள். பேச்சு படபடவென்று வரும், கையும் அப்படித்தான்.

“நான் கட்டில். என் மேல ஒரு பேஷன்ட் இருப்பாங்க, இல்லன்னா காலியா இருப்பேன்” என்றாள் ஒரு நாள்.

“நீ பிரசவ வார்டு கட்டிலா?”

“எந்தக் கட்டிலா இருந்தா இன்னாம்மா?”

“பெத்தவ படுத்திருப்பா. பக்கத்துல பெத்தது படுத்திருக்கும். ரெண்டு பேராச்சே.”

“குழந்தை பேஷன்டா?”

“மஞ்சக்காமாலை வந்தா பேஷன்ட். வரலன்னா புள்ள.”

சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் வரைக்கும் வேறு வேலை ஓடவில்லை, பிறந்த குழந்தை யார் என்ற பஞ்சாயத்துதான்.

நான்தான் எப்போதும் ஜெயித்தேன் என்று நினைக்காதீர்கள். “நான் ரத்தப் பை. ஒரு தடவை வெளிய போனா திரும்பி வர மாட்டேன்” என்று நானே அடித்துச் சொன்னேன். ஜெசிந்தா தலையைச் சாய்த்துக்கொண்டு, “ஆபரேஷனுக்கு எடுத்துட்டுப் போயி, தேவப்படாம உடனே திருப்பி அனுப்பிட்டா?” என்று கேட்டாள். அப்படித் திரும்பி வந்த பைகளை நானே எத்தனையோ முறை கையில் ஏந்திக்கொண்டு வந்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். கை செய்ததை வாய் மறந்துவிட்டது. ஒரு நாள் அவள், ஒரு நாள் நான். எங்களுக்குள் இப்படித்தான் போகும்.

இனி, அந்த மழை நாளுக்குக் காரணமான வரி.

ரத்த வங்கியில் வருகிற ஒவ்வொரு பைக்கும் நோய்க் கிருமி உண்டா என்று சில சோதனைகள் செய்வார்கள். எதிலாவது கெட்டது என்று வந்தால் பையை ஒதுக்கிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் இதை நாங்கள் எப்படிச் சொல்வோம் என்று ஜெசிந்தா கேட்டாள்.

“எல்லா சோதனையும் சுத்தமா இருந்தா பை போவலாம்” என்றேன். இத்தனை வருஷம் எங்கள் வாயில் புழங்கிய வாக்கியம்.

அவள் அதை அந்த மொழியில் எழுதினாள். பையாக உட்கார்ந்து சொன்னாள்: “நான் ரத்தப் பை. என்னோட சோதனை எல்லாம் சுத்தம்னா நான் நோயாளிகிட்ட போகலாம்.” நான் தலையாட்டினேன். சார் தலையாட்டினார். ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டுவிட்டு, “இதுல இன்னா சந்தேகம்?” என்றார். போட்டுப் பார்த்தோம். சோதனையெல்லாம் சுத்தமாக உள்ள பைக்குத் திரையில் பச்சை வந்தது. ஒன்று கெட்டிருந்தாலும் சிவப்பு வந்தது.

ஒரு ஐப்பசி மாதம் அந்தத் திரை ரத்த வங்கியில் ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நாள் கூடவே இருந்து பார்த்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். என் பழைய இடம், என் பழைய ஃபிரிட்ஜ், கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன். சோதனை முடிந்த பை ஒரு ஃபிரிட்ஜில், முடியாதது இன்னொன்றில். டெக்னீசியன் முருகவேல் நல்ல பையன். பழைய பைகளையெல்லாம் ரிசல்ட்டோடு சேர்த்தே கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்திருந்தான். எல்லாம் ஒழுங்காகவே ஓடியது.

அந்த நாள் மழை விடவே இல்லை. காலையில் ஒரு ரத்ததான முகாமிலிருந்து பெட்டி வந்தது. முருகவேல் பைகளின் நம்பரைப் பதிந்துவிட்டு, சோதனை முடியாத ஃபிரிட்ஜில் வைத்தான். ரிசல்ட் இல்லாமல் கம்ப்யூட்டருக்குள் போன முதல் பைகள் அவைதான். அது எங்கள் யார் மனசிலும் படவில்லை.

மதியம் இரண்டு பேர் நனைந்துகொண்டே ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவன் சக்திவேல், கம்மாபுரம் பக்கம், லோடு வண்டி ஓட்டுகிறவன். பின்னால் அவன் மச்சான், மனைவியின் தம்பி. கையில் பிரசவ வார்டு டாக்டரம்மா எழுதிய சீட்டு. பெண் குழந்தை பிறந்துவிட்டது, நன்றாக இருக்கிறது. ஆனால் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பி நெகட்டிவ் வேண்டும்.

அது லேசில் கிடைக்கிற ரத்தம் இல்லை. முருகவேல் திரையில் தட்டினான். ஒரே ஒரு பை வந்தது, பச்சையில்.

“ஒண்ணு இருக்குதுண்ணே! ரெடியா இருக்குது” என்று எழுந்தான்.

சக்திவேல் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டான். “மச்சான், கெடச்சிருச்சிடா!”

முருகவேல் எந்த ஃபிரிட்ஜைத் திறக்கப் போகிறான் என்று பார்த்தேன். சோதனை முடியாதது.

“முருகவேலு, நில்லு. அது காலைல வந்த பை.”

“ரிசல்ட் ஏத்திட்டாங்க போலம்மா. பச்சை காட்டுதே.”

பக்கத்துச் சோதனை அறைக்குள் எட்டிப் பார்த்தேன். காலை ரத்தத்தின் குழாய்கள் மூடி திறக்காமல் வரிசையாக நின்றன. அங்கே இருந்த பெண், “இனிமேதாம்மா ஆரம்பிக்கணும்” என்றாள். முருகவேலும் என் தோளுக்கு மேலே பார்த்தான். ஃபிரிட்ஜ் பிடியில் இருந்த அவன் கை தானாக இறங்கியது.

ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன்.

“சொல்லுங்கம்மா. சாப்ட்டீங்களா?”

“சாப்பாடு கெடக்குது. சோதனை ஆவாத பை பச்சை காட்டுதுடி.”

“ஆவலன்னா பச்சை வராதேம்மா.”

“வந்திருக்குது.”

“வேற நம்பரா இருக்கும், நல்லா பாருங்க.”

“எனக்கு எழுத்துதான் தடுமாறும். நம்பர் தடுமாறாது.”

அந்தப் பக்கம் அண்டாச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “சரி, பையா பேசுங்க” என்றாள்.

“இப்பவா?”

“இப்பதாம்மா. நான் வரிய பாத்துக்கிட்டே கேக்கறேன். பேசுங்க.”

போனைக் காதில் வைத்துக்கொண்டு, “நான் ரத்தப் பை” என்றேன். சக்திவேல் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். “மச்சான், இந்தம்மாவுக்கு இன்னாடா ஆச்சு?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. விழட்டும்.

“என்னோட சோதனை எல்லாம் சுத்தம்னா நான் நோயாளிகிட்ட போகலாம்.”

“உங்க சோதனைல கெட்டதுன்னு எதாவது இருக்குதா?”

“சோதனையே இல்லயே.”

“அத கேக்கல. கெட்டது இருக்குதா?”

“இல்ல.”

“ஒண்ணு கூட?”

“ஒண்ணு கூட இல்ல.”

“அப்ப...” அவள் குரல் இறங்கிவிட்டது. “அப்ப எல்லாம் சுத்தம்மா. ஐயோ.”

எனக்குப் புரியவில்லை, புரியவில்லை என்றேன். என் வேலையே அதுதானே. அவள் சொன்னாள்: “ஆளே ஏறாத பஸ்ல நின்னுக்கிட்டு கண்டக்டர், ‘எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சு’ன்னு சொன்னா அது பொய்யாம்மா? டிக்கெட் எடுக்காத ஒருத்தர காட்டுன்னா காட்ட முடியுமா?”

முடியாது. கம்ப்யூட்டர் அப்படித்தான் பார்க்கிறது. ‘எல்லாம் சுத்தமா?’ என்று கேட்டால் கெட்டது ஒன்றைத் தேடுகிறது. கிடைக்கவில்லை என்றால் ஆமாம் என்கிறது. நான் ‘எல்லாச் சோதனையும்’ என்று சொன்னபோது என் மனசில் சோதனைகள் முடிந்து வரிசையாக நின்றன. சோதனையே நடக்காத பையை எந்த ஆயாவும் தொட மாட்டாள், அதனால் அதை யாரும் சொல்வதும் இல்லை. நான் சொன்னதும் தமிழில் சரி. அவள் எழுதியது அவள் மொழியில் சரி. இரண்டு சரிக்கும் நடுவில் ஒரு பை நழுவிப் போகிற அளவுக்கு இடம் இருந்தது.

“ஒரு வரிதாம்மா சேக்கணும். அஞ்சே நிமிஷம், நான் இங்கேர்ந்து அனுப்பிடறேன்” என்றாள் ஜெசிந்தா.

அதற்குள் சார் போனை வாங்கிவிட்டார். “வேணாம். அந்த வரிய மூணு பேரும் கேட்டு மூணு பேரும் தலையாட்டினோம். இன்னும் எத்தன வரிக்கு அப்படி ஆட்டியிருக்கோம்னு இப்ப தெரியாது. அவசரத்துல தைச்சா வேற எங்கயோ கிழியும். அம்மா, திரைய மூடிடுங்க. பச்சைய நம்பி இன்னைக்கி யாருக்கும் ஒரு பை கூட போகக்கூடாது. பழையபடி பை மேல ஒட்டியிருக்கற சீட்ட பாத்தே குடுக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு நானே வந்து சொல்றேன்.”

கம்பெனிக்கு அதுதான் பெரிய ஆஸ்பத்திரி. அதை இழந்தால் மாடிக்கு வாடகை கொடுப்பதே கஷ்டம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் குரலில் அந்தக் கணக்கு எதுவும் இல்லை. நீங்கள் என்றைக்காவது அவர் இடத்தில் வந்து உட்கார்ந்தால் அந்தக் குரலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் என் தோள் துண்டை எடுத்துத் திரை மேல் போட்டேன்.

சக்திவேல் வெடித்துவிட்டான். “பச்சை காட்டுதுன்னு அவரே சொன்னாரு! உள்ள அவ செத்துக்கிட்டு இருக்கா, நீ துணி போட்டு மூடற. நீ யாரு நிறுத்தறதுக்கு?”

மச்சான் அவன் கையைப் பிடித்தான். “மாமா, வேணாம் மாமா.”

“கேக்கட்டும் விடுப்பா” என்றேன். “தம்பி, அந்தப் பச்சை நான் சொன்ன வார்த்தைலதான் எரியுது. தப்பா எரியுதுன்னா நான்தான் அணைக்கணும். அந்த ரத்தத்துல இன்னா இருக்குதுன்னு இந்த நிமிஷம் யாருக்கும் தெரியாது. நல்லதா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உன் பொண்டாட்டி பொழச்சி எழுந்து, உன் புள்ளைக்குப் பால் குடுக்கணும். தெரியாதத நான் ஏத்த விட மாட்டேன்.”

அவன் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டான்.

முருகவேல் டாக்டரம்மாவிடம் ஓடினான். அவர் சொல்லி அனுப்பியது சுருக்கம்தான்: நான் தாங்க வைக்கிறேன், அவசரச் சோதனை செய்யுங்கள், வேறு பையும் தேடுங்கள். சோதனை அறைப் பெண் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுக் கையுறை போட்டாள். சிதம்பரத்தில் ஒரு ரத்த வங்கியில் சோதனை முடிந்த பி நெகட்டிவ் பை இருந்தது. டாக்டரம்மா அவர்களிடம் போனில் பேச, முறைப்படி வாங்கிக்கொண்டு ஜெசிந்தாவும் சாரும் காரில் கிளம்பினார்கள்.

காத்திருக்கிற நேரத்தை எப்படிக் கடத்துவது என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர முடியாது. நான் ஒவ்வொரு ஃபிரிட்ஜாகத் திறந்து, ஒவ்வொரு பையின் சீட்டையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மச்சான் டீ வாங்கி வந்தான். சக்திவேல் தொடவில்லை. “அவளுக்கு மழைன்னா ரொம்ப இஷ்டம்” என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னான்.

“மாமா, சும்மா இரு” என்றான் மச்சான். அவன் கண்ணும் சிவந்திருந்தது.

ஜெசிந்தா நடுவில் ஒரு முறை கூப்பிட்டாள். ஆலப்பாக்கம் தாண்டி ரோட்டில் தண்ணீர், கார் ஊர்ந்துகொண்டிருக்கிறது என்றாள். பெட்டி அவள் மடியில்.

முதலில் வந்தது சோதனை ரிசல்ட். ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னாள் சோதனை அறைப் பெண். சுத்தம். சுத்தம். கடைசிவரை சுத்தம்.

தாயின் ரத்தத்தோடு பொருத்திப் பார்த்து, காலையில் வந்த அந்தப் பையே மேலே போனது. எந்தப் பையை நிறுத்தினேனோ அதே பை.

சக்திவேல் எழுந்து என் முன்னால் வந்து நின்றான். “நல்ல ரத்தம்தானே அது? அப்பவே குடுத்திருக்கலாம்ல?”

அவன் கேட்டது நியாயம். “நல்லதுன்னு இப்பதான்ப்பா தெரியும்” என்றேன். “அப்ப தெரியாது.”

அவன் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜெசிந்தா வந்தபோது சுடிதார் முழங்கால் வரை சேறு. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள், சாரிடம்கூடக் கொடுக்கவில்லை. டாக்டரம்மா இரண்டாவது பை கேட்டுச் சரியாக அப்போதுதான் ஆள் அனுப்பியிருந்தார். தான் எழுதிய வரி ஏமாற்றிவிட்டது என்று வழியெல்லாம் அழுதிருப்பாள் போல, முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் பையின் சீட்டை முருகவேலிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டி ஒப்படைத்தாள்.

அப்புறம் ஆஸ்பத்திரி நிர்வாகியின் அறை. நானும் போனேன். சார் எதையும் பூசி மெழுகாமல் நடந்ததைச் சொன்னார். நிர்வாகி கேட்டார்:

“கம்ப்யூட்டர் நல்ல பைன்னு சொன்னுச்சு. சோதனைலயும் நல்ல பைன்னுதான் வந்துச்சு. அப்ப உங்க சாஃப்ட்வேர் சொன்னது சரிதானே சார்? எதுக்கு இவ்ளோ கலாட்டா?”

ஆமாம் சார், சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

“பதில் சரிங்க. காரணம் தப்பு” என்றார் சார். “காரணம் தப்பா இருந்தா அடுத்த தடவ பதிலும் தப்பாவும். நான் சரி பண்ணி, ஒவ்வொரு வரியையும் திரும்பக் கேட்டு முடிக்கற வரைக்கும் திரை மூடியே இருக்கட்டும். அதுக்கப்புறம் வேணுமா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க.”

நிர்வாகி உடனே எழுந்து கை குலுக்கிவிட்டார் என்று சொன்னால் பொய். முகத்தைச் சுளித்தார். பல மாதம் இழுத்தடித்தார். ஆனால் கடைசியில் கூப்பிட்டார். தானாக வந்து தப்பைச் சொன்னவர்கள் அடுத்த தப்பையும் சொல்வார்கள் என்று டாக்டரம்மா அவரிடம் எடுத்துச் சொன்னதாக முருகவேல் பிறகு சொன்னான்.

அந்த மாதங்களில் மாடியில் நாங்கள் செய்தது ஒரே வேலை. ஒவ்வொரு வரியையும் திரும்ப எடுத்து, அந்தப் பொருளாக உட்கார்ந்து பேசினோம். ‘எல்லாம்’ என்று வருகிற இடத்தில் நிறுத்தி, “எதுவுமே இல்லன்னா?” என்று கேட்டோம். எல்லாக் கட்டிலும் நிரம்பிவிட்டால் வார்டை மூடலாம் என்று ஒரு வரி இருந்தது. கட்டிலே போடாத புது வார்டு, நிரம்பிவிட்டது என்று தன்னை மூடிக்கொண்டது! ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த மழை நாளுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ரத்தப் பையின் வரி இப்போது இப்படி இருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள்: “நான் ரத்தப் பை. எனக்குச் செய்ய வேண்டிய சோதனை ஒவ்வொன்றும் நடந்து முடிந்திருக்கிறது. அவை எல்லாம் சுத்தம். அப்படியென்றால் நான் போகலாம்.” நடந்து முடிந்திருக்கிறது என்கிற அந்த வாக்கியத்தை எங்களுக்குக் கொடுத்தது சக்திவேலின் மனைவி சிந்திய ரத்தம். அதை யாராவது நீளமாக இருக்கிறது என்று வெட்ட வந்தால் ஜெசிந்தாவிடம் அனுப்புங்கள்.

அதனால்தான் உங்களைக் கட்டிலாக உட்கார வைத்ததும், “இப்ப உன் மேல யாருமே இல்ல. அதே வரிய திரும்பச் சொல்லு” என்கிறார்கள். கேலி இல்லை அது. படம் எவ்வளவு நன்றாக வரைந்தாலும், மொழி எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், வெறுமையாக இருக்கிற பொருளின் வாயிலிருந்து அந்த வரி எப்படிக் கேட்கிறது என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்கும்போது சிரிப்பு வந்தால் நல்லது. எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சிரிப்பு ஆபீஸிலேயே வந்துவிடட்டும்.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்தச் சாயங்காலம்.

மழை தூறலாகிவிட்டது. நிர்வாகி அறையிலிருந்து இறங்கி வந்து, டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு, வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். சக்திவேலும் மச்சானும் எழுந்து வந்தார்கள். மேலே விடவில்லையாம், யாரும் எதுவும் சொல்லவில்லையாம். அவன் மதியம் கத்தியதற்கு வெட்கப்படுகிறான் என்று தெரிந்தது, என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

“எல்லாரும் நல்லா இருக்காங்களாம்மா?” என்றான்.

எல்லாரும் நல்லா இருக்காங்கப்பா என்று என் வாய் தயாராகிவிட்டது. வார்டில் அத்தனை வருஷமாக வெளியே காத்திருக்கிற ஆண்களுக்கு நான் சொன்னது அதைத்தான். அன்று நாக்கில் வந்து நின்றுவிட்டது.

“உன் பொண்டாட்டிக்கு ரத்தப்போக்கு நின்னுருச்சு. கண்ண தொறந்து தண்ணி கேட்டாளாம். குடுத்திருக்காங்க” என்றேன். “உன் பொண்ணு தூங்கறா. நான் பாத்துட்டுத்தான் வரேன். கை ரெண்டையும் இறுக்கி மூடிக்கிட்டு தூங்கறா.”

அவன் முகத்தை மூடிக்கொண்டு நின்றான். மச்சான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

“எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டுப் போறத விட்டுட்டு, எதுக்கும்மா இப்படி ஒவ்வொண்ணா இழுக்கறீங்க? எங்க மாமாவுக்கு உயிரே போயி வந்துது.”

“ஒவ்வொண்ணாதான்ப்பா சொல்லணும்” என்றேன்.